நண்டுத் தண்ணீரும் ஒரு காலை அறிவிப்பும்

துறைமுகத்திலிருந்து பம்கோல் கிராமத்துக்குப் போகும் மதியப் பேருந்தின் ஓட்டுநர், தூரத்தில் பில்நாமைக் கண்டதுமே எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிடுவார். அவள் வெறுங்கையோடு ஏறிய நாள் கிடையாது. இரு தோளிலும் சாக்கு, சாக்கு நிறைய நண்டு ஓடு. அன்றும் ஓட்டுநர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒண்ணு நீங்க ஏறுங்க, இல்ல நண்டு ஏறட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து இங்க எடமில்ல."

"நண்டு எங்க இருக்கு தம்பி? பணக்காரங்க உள்ள இருந்தத தின்னுட்டுக் கழட்டிப் போட்ட சட்டைதான் இருக்கு. வண்டிய எடு."

பேருந்தில் சிரிப்பு எழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார்கள். பில்நாமுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. துறைமுகத்து நண்டுக் கூடத்தில் இருபது வருஷமாக நண்டை உடைத்துச் சதை எடுக்கிறவள் அவள். மற்ற வாசனைகளை அவள் மூக்கு எப்போதோ மறந்துவிட்டது. சோறு தீய்ந்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் ஓடுவாள்.

கூடத்துக்குப் பின்னால் அந்த ஓடுகள் மலையாகக் குவிந்து கிடக்கும். லாரிக்காரன் வராத வாரங்களில் புழு நெளியும், கடற்பறவைகள் சண்டை போடும், யாராவது ஒருவன் ஆள் பார்க்காத நேரத்தில் கடலிலேயே கொட்டிவிட்டுப் போவான். அதைத்தான் பில்நாம் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தாள். ஓடையில் உப்புப் போக அலசி, காயவைத்து, மிதித்து நொறுக்கி, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த பெரிய ரப்பர்த் தொட்டிகளில் போட்டு ஊறவைப்பாள். வெல்லப்பாகும், விவசாய அலுவலகத்து வகுப்பில் கொடுத்த நுண்ணுயிர்க் கரைசலும் அதில் சேரும். வாரக்கணக்கில் நுரைத்து நுரைத்து, ஓடெல்லாம் கரைந்து, பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர் நிற்கும். அதைப் பத்து மடங்குக்கும் மேலே நீர் சேர்த்து மிளகாய்ச் செடிக்குத் தெளிப்பாள்.

"இது என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "மிளகாய அழுக வைக்கிற பூஞ்சையும் ஒரு தோலு போத்திக்கிட்டுதான் வருது. அந்தத் தோலும் நண்டு ஓடும் ஒரே சரக்கு. நண்டு ஓட்டத் தின்னு பழகின கிருமி, பூஞ்சையப் பாத்தா விடுமா?"

வகுப்பில் அவர்கள் நீளமாகச் சொன்னதை அவள் இப்படிச் சுருக்கி வைத்திருந்தாள். அண்டை வீட்டுச் சுங்ஹோவின் அம்மா உட்பட நான்கு பெண்கள் அவளைப் பார்த்துத் தாங்களும் தொட்டி வைத்தார்கள். ஊரில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

பம்கோலில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் மண்டபத்துக் கூரையில் ஒலிபெருக்கி இருக்கிறது. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஊர்த்தலைவர் ஜாங் அதில் தொண்டையைச் செருமுவார். தடுப்பூசி, காணாமல் போன ஆடு, யார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் வரும். மருந்தடிக்கிற காலத்தில் கட்டாயம் இன்னொன்றும் வரும். "இன்னைக்குக் கீழ வயல்ல சுங்ஹோ பெரியப்பா மிளகாய்க்கு மருந்தடிக்கிறாரு. வெளிய வச்சிருக்கிற சோயா விழுது ஜாடிய மூடி வைங்க. துணி காயப்போடாதீங்க. நாயக் கட்டிப் போடுங்க. அந்தப் பக்கம் யாரும் எதையும் பறிக்காதீங்க." எப்போதோ ஒரு கன்றுக்குட்டி மருந்து பட்ட புல்லைத் தின்று செத்ததிலிருந்து வந்த கட்டுப்பாடு அது. ஊருக்குச் சொல்லாமல் மருந்தடிக்கிறவனைத் திருடனைவிடக் கேவலமாகப் பார்ப்பார்கள்.

பில்நாமின் கணவன் க்வோன் தால்சுவின் பெயர் ஒரு காலத்தில் அந்த ஒலிபெருக்கியில்தான் அதிகம் ஒலித்தது. முதுகில் தெளிப்பானை மாட்டினால் அவனைப் போல் ஒரு இலை விடாமல் அடிக்க ஆளில்லை என்பார்கள். அவனுடைய மேட்டு வயல் மிளகாய் கண்ணாடி போல் பளபளக்கும். பில்நாமின் கைகளில் கொப்புளம் வந்து, அவனுக்கும் இருமல் நிற்காமல் போன பிறகு, அவள்தான் பிடிவாதமாக மருந்தடிப்பதையே நிறுத்தினாள். அவன் சரியென்றான். அரை மனது. மீதி மனது ஊர்க்கொட்டகையில், மற்ற ஆண்களின் வாயில் இருந்தது.

அந்த வாய் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தால்சு போய் உட்கார்ந்தாலே, உன் பெண்டாட்டி மிளகாய்க்கு நண்டு சூப் வைத்துக் கொடுக்கிறாளாமே, உனக்கும் மிச்சம் உண்டா என்பான் ஒருவன். ஜாங் தலைவர் குறும்புக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. அவரும் ஒருநாள் சொன்னார், ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொல்லாமல் என் நாக்கே துருப்பிடித்துவிட்டது என்று. எல்லோரும் சிரித்தார்கள். தால்சுவும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து மென்றான்.

முதல் இரண்டு வருஷமும் மிளகாய் ஓரளவு நன்றாகவே வந்தது. மூன்றாவது வருஷம் மழைக்காலம் நீண்டுகொண்டே போனது. பூஞ்சை என்னவோ அவ்வளவாக வரவில்லை. புழு வந்தது. நண்டுத் தண்ணீருக்குப் புழு அவ்வளவு சீக்கிரம் அசையாது. பில்நாம் விடியற்காலையில் போய்க் கையாலேயே பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போட்டாள். சில மிளகாயில் ஓட்டை விழுந்தது. கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது போதாதா? மேட்டு வயலில் புழுக்களின் மாநாடு நடக்கிறது, தலைமை தால்சு என்றார்கள்.

அந்த வாரம் பில்நாம் பெரிய நகரத்தில் இருக்கும் மகள் மிஜின் வீட்டுக்கு இரண்டு நாள் போனாள். பேரக்குழந்தைக்குக் காய்ச்சல், மகளுக்குத் துணை வேண்டும். போகும்போது கணவனிடம், திரும்பி வந்து புழுவைத் தானே பொறுக்கிக்கொள்வதாகவும், அவன் எதிலும் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் கை வைத்தான். வீட்டுக் கொட்டகையின் மூலையில், பழைய சாக்குகளுக்கு அடியில் ஒரு பூச்சிமருந்துப் புட்டி கிடந்தது. இப்போது விற்கவே கூடாதென்று அரசாங்கம் நிறுத்திய சரக்கு. மேலே ஒட்டிய தாள் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. மழை விட்ட ஒரு காலையில், மூடுபனி கலைவதற்குள், வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கலந்து மேட்டு வயல் முழுவதும் அடித்து முடித்தான். ஜாங் தலைவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லும்: நண்டுத் தண்ணீர் தோற்றது, தால்சு திரும்ப மருந்துக்கு வந்துவிட்டான். பெண்டாட்டி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒரு வாரம் வயல் ஈரமாக இருக்கிறது, இறங்காதே என்று சமாளித்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அவள் மறுநாள் சாயங்காலப் பேருந்தில்தானே வருவாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பில்நாம் மறுநாள் காலைப் பேருந்திலேயே வந்தாள். பேருந்து மேட்டு வயலைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும். இரண்டு நாளாகப் பார்க்காத செடிகளைக் கண்டதும் அவளுக்கு மனசு நிற்கவில்லை. ஓட்டுநரிடம் சொல்லி அங்கேயே இறங்கிவிட்டாள். மூட்டையை வரப்பில் வைத்துவிட்டு, கையுறை இல்லாமல், மெல்லிய சட்டையோடு, இடுப்பளவு ஈரச் செடிகளுக்குள் புகுந்தாள். விஷமில்லாத வயலில் யார் கையுறை போடுவார்கள்? மருந்து நெடி அவள் மூக்குக்கு எட்டவேயில்லை. காலை முழுவதும் புழு தேடினாள். வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துக்கொண்டே தேடினாள்.

வீட்டில் மழைநீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த தால்சுவிடம் சுங்ஹோ அம்மாதான் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள், உங்கள் வீட்டுக்காரி காலையிலிருந்து வயலில்தான் இருக்கிறாள், வீட்டுக்கு வழி மறந்துவிட்டதோ என்று. தால்சு சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள். மகள் கட்டிக் கொடுத்த சோற்றில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, செடியிலிருந்து பறித்த பச்சை மிளகாயைச் சட்டையில் துடைத்து, சோயா விழுதில் தொட்டுக் கடித்திருக்கிறாள். கோடையில் அந்தப் பக்கத்து மக்களுக்கு அதைவிட ருசி வேறில்லை. கிண்ணத்தின் ஓரத்தில் மிளகாய்க் காம்புகள் ஒரு கைப்பிடி கிடந்தன.

"ஏங்க இப்பிடி ஓடியாறீங்க? நான் எங்கயும் ஓடிடல" என்று சிரித்தாள். அவள் முகம் பூரித்திருந்தது. "இங்க வந்து பாருங்க மிஜின் அப்பா. ஒரு புழு இல்ல. காலைல இருந்து தேடுறேன், ஒண்ணே ஒண்ணு இல்ல. நம்ம நண்டுத் தண்ணி தோத்துப் போகல. இனிமே அந்தக் கொட்டகையில போயி நிமிந்து உக்காருங்க."

தால்சு வாயைத் திறந்திருக்க வேண்டிய முதல் இடம் அது. ஒரு வார்த்தை போதும். சட்டையைக் கழற்று, குளி, வா ஆஸ்பத்திரிக்கு என்று இழுத்துக்கொண்டு ஓடியிருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு, அது என் வேலை, உன் தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்வது? நாலு மிளகாயில் என்ன ஆகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவு என்று மட்டும் சொன்னான். அவள் மூட்டையைப் பிரித்து, மகள் அவனுக்காக வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையை எடுத்து அவன் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

பிற்பகலில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் நிற்காமல் ஊறியது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கண் மங்குகிறது, யாராவது விளக்கை அணைத்துவிட்டார்களா என்று பட்டப்பகலில் கேட்டாள். சுங்ஹோ அம்மா அலறிக்கொண்டு ஓட, ஜாங் தலைவர் தன் சின்ன லாரியைக் கொண்டுவந்தார். நால்வரும் துறைமுகத்து ஊரில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் இளைஞர். அவள் இமையைத் தூக்கிப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். வயலில் ஏதாவது பூச்சிமருந்து அடித்தார்களா, அல்லது தெரியாமல் எதையாவது குடித்துவிட்டாளா என்று கேட்டார். சுங்ஹோ அம்மாவும் ஜாங் தலைவரும் தால்சுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் பில்நாமே பதில் சொன்னாள். நாக்குக் குழறியது. ஆனாலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

"எங்க வயல்ல விஷமே கெடையாது டாக்டர். மூணு வருஷமாச்சு. நண்டுத் தண்ணி மட்டும்தான். நீங்களே சொல்லுங்களேன் மிஜின் அப்பா."

தால்சு தலையாட்டினான்.

டாக்டர் விடவில்லை. நிச்சயமாகத்தானா, நேற்று, முந்தாநாள்கூட ஒன்றும் இல்லையா என்று மறுபடி கேட்டார். நண்டுத் தண்ணீர் மட்டும்தான் என்று தால்சு சொன்னான். தலைவரும், எங்கள் ஊரில் மருந்தடித்தால் நான் ஒலிபெருக்கியில் சொல்லாமல் இருக்கமாட்டேன், மேட்டு வயலுக்கு அறிவிப்பே இல்லை என்று அடித்துச் சொன்னார். பாவம், அவர் அறிந்த உண்மை அது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பெரிய நகரத்துக்கு அனுப்பிவிட்டு, நண்டுக் கூடத்து வேலை, அழுகிய ஓடு, கெட்ட சாப்பாடு என்ற வழியில் சிகிச்சையைத் தொடங்கினார். கட்டிலில் பில்நாம் கணவனின் கையைப் பிடித்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கைகால் துடித்தது. அப்போதுதான் தால்சு டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எல்லாவற்றையும் சொன்னான். என்ன மருந்து என்று டாக்டர் கேட்டபோது, அதற்குப் பெயர்கூட அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் திட்டவில்லை. ஓடிக்கொண்டே, "வந்தவொடனே சொல்லியிருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னார். மாற்று மருந்தை ஏற்றினார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். மறுநாள் முற்பகலில் பில்நாம் இறந்துபோனாள். கடைசிவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. தன் வயல் சுத்தமானது என்று நம்பிக்கொண்டேதான் போனாள்.

சாவு மண்டபத்தில் அவள் படத்தை வைத்தார்கள். வந்தவர்களுக்குச் சிவப்பான மாட்டிறைச்சி சூப்பும் ஆக்டோபஸ் துண்டுகளும் பரிமாறினார்கள். தால்சு கையில் கறுப்புப் பட்டையோடு படத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் குனிந்து வணங்கினான். அவன் காதில் விழாமல் பேச வேண்டும் என்று யாரும் கவலைப்படவில்லை. அழுகின ஓட்டின் ஆவிதான் உள்ளே போயிருக்கும், நுரைத்து நுரைத்து அது விஷமாகாமல் என்ன ஆகும், சொன்னால் கேட்டாளா என்றார்கள். விஷம் எதையாவது குடித்துவிட்டாளோ என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். ஊருக்குச் சொல்ல வேண்டியது புருஷன்தான் என்று டாக்டர் விட்டிருந்தார். அவரைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள், எல்லோருக்கும் தலைகுனிந்துகொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாளே சுங்ஹோ அம்மா தன் தொட்டியை ஓடையில் கவிழ்த்தாள். கண்ணீரோடுதான் கவிழ்த்தாள். மற்ற மூன்று பெண்களும் கவிழ்த்தார்கள். பயம் யாரை விடும்? அந்த வாரமே பழைய ஒலிபெருக்கிக் குரல் ஒவ்வொரு வயலாக மருந்தடிப்பைச் சொல்லத் தொடங்கியது.

மிஜின் நகரத்துக்குத் திரும்பாமல் அப்பாவோடு தங்கியிருந்தாள். ஒருநாள் காலை, தால்சு எழுந்து வந்து பார்த்தபோது அவள் வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தொட்டி ஏற்கெனவே காலி. மூன்றாவதை உதைத்தாள், அது அசையவில்லை. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எத்தன தடவ சொன்னேன், இந்தக் குப்பைய விடும்மான்னு. கேட்டியா? ஊரே சிரிக்கச் சிரிக்க இதக் கட்டிக்கிட்டு அழுத. இப்ப நீயே உன்னக் கொன்னுக்கிட்ட. எம்மேல உனக்கு எரக்கமே இல்லியா?"

இறந்தவளை ஊர் திட்டியபோது தால்சுவால் தாங்க முடிந்தது. அவள் பெற்ற பிள்ளையே திட்டியதை அவனால் தாங்க முடியவில்லை. எந்தப் பெருமையைக் காப்பாற்ற வாயை மூடினானோ, அந்தப் பெருமைக்கு முதலில் மனைவியின் உயிரைக் கொடுத்தான். இப்போது அவள் பெயரையும் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஊர் மண்டபத்தை நோக்கி நடந்தான். ஜாங் தலைவர் அப்போதுதான் ஒலிபெருக்கிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டிருந்தார். ஒரு அறிவிப்பு சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன் என்று தால்சு கேட்டான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"ஆ… கேக்குதா. க்வோன் தால்சு பேசுறேன். மேட்டு வயல்ல மிளகாய்க்கு மருந்தடிச்சிருக்கு. அடிச்சது நான்தான். எம் பொண்டாட்டி ஊர்ல இல்லாதப்ப, உங்க யாருக்கும் சொல்லாம, அவளுக்கும் சொல்லாம அடிச்சேன். அன்னைக்கே இந்த மைக்குல சொல்லியிருந்தா உங்கள்ல யாரும் அவள வயல்ல எறங்க விட்டிருக்க மாட்டீங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருந்தா பொழச்சிருப்பா. ரெண்டு தடவையும் நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன்."

தால்சு மைக்கை இன்னும் கிட்ட இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி அவன் குரல் வந்தது.

"நண்டுத் தண்ணியில ஒரு குத்தமும் இல்ல. அவ எதையும் குடிக்கல. அவ செஞ்சது நல்ல காரியம். ஊருக்குப் பயந்து ஒளிச்சு அடிக்கிற விஷம் ஊருக்குப் போகாது. நம்மள நம்பிச் சாப்பிடுறவங்க வாயிலதான் போயி விழும். இத நீங்க தெரிஞ்சுக்க நான் ஒருத்தன் குடுத்த வெல போதும். அவ்வளவுதான். சோயா ஜாடிய மூடி வைங்க. துணி காயப்போடாதீங்க. நாயக் கட்டிப் போடுங்க. மேட்டு வயல்ல யாரும் மிளகா பறிக்காதீங்க."

ஊரில் யாரும் வெளியே வரவில்லை. ஒரு வீட்டின் பின்னாலிருந்து ஜாடியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வீட்டிலிருந்து. பிறகு வரிசையாக எல்லா வீட்டிலிருந்தும். சுங்ஹோ அம்மா தன் காலித் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மிஜின், கவிழ்க்க முடியாமல் விட்ட அந்த மூன்றாவது தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பா திரும்பி வந்தபோது அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பல காலத்துக்குப் பார்க்கப்போவதும் இல்லை. கீழே கிடந்த மூடியை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அம்மாவின் தொட்டியை மூடினாள்.